ராமேஸ்வரம் கிளம்புமுன் பெயர்களைத் தேடுங்கள்

பித்ரு காரியத்துக்கு ராமேஸ்வரம் வருகிறவர்கள் எள்ளையும் தர்ப்பையையும் மறந்தாலும் குற்றமில்லை, கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தம் எனப்படும் கடலின் கரையிலேயே கிடைக்கும். பெயர்கள்தான் கிடைக்காது. கோத்திரம் கேட்டதும் புரோகிதர் கேட்பது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள். பிறகு அம்மா, அப்பத்தா, அப்பத்தாவின் மாமியார். அதேபோல் அம்மா வழியில் மூன்று தலைமுறைத் தம்பதியர். ஆக 12 பேர். அப்பா நம் இனிஷியலில் இருக்கிறார், தாத்தா அப்பாவின் இனிஷியலில். அதற்குமேல் பலரும் தடுமாறுகிறார்கள். பெண்களுக்கு அந்த ஓரெழுத்துகூட இல்லை. வீடு முழுக்க "ஆத்தா" என்று கூப்பிட்டவளின் பெயர், அவளோடு சேர்ந்தே போய்விடுகிறது.

ஆகவே ஒரு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று இருக்கும்; ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு எல்லாவற்றையும் புரட்டுங்கள். பாட்டிமார் பெயருக்கு இவை போதாது; குடும்பத்தில் மூத்த அத்தையிடமோ பெரியம்மாவிடமோ நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கூப்பிட்ட பெயர் வேறு, வைத்த பெயர் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் அல்லது விஷ்ணு கோத்திரம் என்று சொல்லிச் செய்துவைப்பார்கள்.

தந்தை உயிரோடு இருப்பவர் தர்ப்பணம் செய்வதில்லை. ஆண் வாரிசு இல்லாத தாத்தாவுக்கு மகள் வயிற்றுப் பேரன் செய்யலாம்.

ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் கரையில் கால்வைக்க இடமிருக்காது. பல குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து ஒன்றாகச் சொல்லித்தருவார்கள். நீங்கள் தேடிச் சேர்த்த பெயர்கள் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். தீர்த்தத் தலத்தில் திதி பார்க்கத் தேவையில்லை என்பதால் சாதாரண நாளில் விடியற்காலையில் வருவதே மேல் என்பேன்.

முதலில் கடலில் முழுக்கு. பிறகு தெற்கு நோக்கி அமர்ந்து, பூணூலையோ துண்டையோ வலத்தோளுக்கு மாற்றி, மோதிர விரலில் தர்ப்பை மோதிரமான பவித்திரம் போட வேண்டும். எள்ளும் நீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் மூன்று முறை. ஒரு கைப்பிடிக் கறுப்பு எள் போதும். ஈரக்கையால் பொட்டலத்தைத் தொட்டால் எள் முழுதும் விரலில் ஒட்டிக்கொண்டு விழாது. தனியாக ஓர் இலையில் கொட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் தாயோ தந்தையோ உறவோ இல்லாதவர்களுக்கென ஒரு மந்திரம் வரும். அவசரத்தில் அதைத் தாண்டிவிடாதீர்கள். கல்யாணமாகாமல் போன சித்தப்பா, பெயர் வைக்குமுன் இறந்த குழந்தை, உங்களைத் தூக்கி வளர்த்த அண்டைவீட்டு அம்மா எல்லாருக்கும் இடமிருப்பது அங்கேதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடும் பாம்பன் ரயிலோடும் கடல் கொண்டுபோனவர்களை நினைத்து அந்த எள்நீரை விடுகிறவர்களும் உண்டு.

பிண்டம் வைத்திருந்தால் அதைக் கடலில் கரைத்து மறுபடி முழுகுங்கள். பழைய துணியைக் கடலில் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்து முழுகுகிறவர் காலில் சுற்றிக்கொள்ளும்.

பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், மகாலட்சுமி தீர்த்தம் தொடங்கி கோடி தீர்த்தம்வரை. வழி நெடுக ஈரத்தரை, வயதானவர்களை ஒருவர் கைபிடித்தே நடத்திச் செல்ல வேண்டும். முதியவருக்கு முடியாவிட்டால் கோடி தீர்த்தத்தைத் தலையில் தெளித்தாலே போதும், கட்டாயப்படுத்தாதீர்கள். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுடை அவசியம். அனுமன் கொண்டுவந்த விஸ்வநாதரை முதலில் வணங்கி, அதன்பின் ராமநாதர், பர்வதவர்த்தினி அம்பாள்.

பெயர்ப் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்தால் முதல் முழுக்கிலேயே நனைந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கரையில் நிற்பவரிடம் கொடுங்கள், பிள்ளைகள் கூட வந்திருந்தால் அவர்களிடமே. புரோகிதர் கேட்கும்போது ஒவ்வொரு பெயராக அவர்களே வாசிக்கட்டும்.