ஹாட் ஹேட்ச் மாடிஃபிகேஷன்: ரீமேப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

ஹாட் ஹேட்ச், அதாவது பலமான என்ஜின் உள்ள சின்ன ஹேட்ச்பேக் கார், கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதல் ஆசை ரீமேப்தான்: என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது. பெரும்பாலான டர்போ வண்டிகளில் ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் 20 சதவீதத்துக்கு மேல் டார்க் (என்ஜினின் சுழற்றும் விசை) கூடுகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. வண்டியின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு என மூன்றுமே அந்த இரண்டு டயர் தலையில்தான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எடை பின்னால் சாய்ந்து, இழுக்க வேண்டிய சக்கரத்தின் பிடி குறைகிறது. கம்பெனி கொடுத்த பவரே ஈரச் சாலையில் இரண்டாவது கியரில் சக்கரத்தைச் சுழற்றும்போது, இன்னும் 60 நியூட்டன் மீட்டர் சேர்த்தால் டயர்தான் தேயும். டயர், பிரேக், சஸ்பென்ஷன், அப்புறம் என்ஜின். இந்த வரிசையை மாற்றியவர்கள் பெரும்பாலும் இரண்டு முறை செலவு செய்கிறார்கள்.

நல்ல டயர் ஒன்றே வண்டியை வேறு வண்டியாக்கிவிடும். வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. அளவை மாற்றினால் வெளிவிட்டம் பழையதிலிருந்து 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும். தாண்டினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும், டயர் ஃபெண்டரில் உரசவும் வாய்ப்பு. அலாய் வீல் மாற்றுபவர்கள் கோட்டை விடுவது ஆஃப்செட் கணக்கில், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதில். 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 45 உள்ள வீலைக் கழற்றிவிட்டு 8 இன்ச், ஆஃப்செட் 35 போட்டால், வெளிவிளிம்பு ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் வெளியே வரும், உள்விளிம்பு 3 மில்லிமீட்டர் உள்ளே போகும். அந்த 23 மில்லிமீட்டருக்கு ஃபெண்டரில் இடம் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சரியான அளவு வளையம் வேண்டும், இல்லையென்றால் பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் அதிர்வு போகாது. போல்ட் வீலில் பதியும் இடம், அதாவது இருக்கை, கூம்பா உருண்டையா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். உருண்டை இருக்கைக்குக் கூம்பு போல்ட் போட்டால் டார்க் ரென்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ஒலிக்கும் ஸ்பேனர்) 'டிக்' என்று சொல்லும், போல்ட்டோ மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும். எந்த வீல் மாட்டினாலும் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரென்ச்சால் போல்ட் இறுக்கத்தைப் பாருங்கள்.

பிரேக்கில் பெரிய காலிப்பர் (பேட்டை டிஸ்கில் அழுத்தும் பாகம்) கிட் தேவைப்படுபவர்கள் மிகக் குறைவு. மலை இறக்கத்தில் பிரேக் விடுவது இரண்டு விதம். பெடல் கல்லுபோல் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொட்டால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. முதல் நோய்க்கு நல்ல பேட், இரண்டாவதற்குப் புது ஆயில். டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155. டாட் 5.1 என்றால் 260, 180. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், வேகமாக ஓட்டுபவர்கள் வருடம் ஒருமுறை மாற்றுவதே சரி. டாட் 5 பக்கம் போகாதீர்கள், அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்காது.

புது பேட் போட்டதும் அதைப் பழக்க வேண்டும். தயாரிப்பாளர் முறை சொல்லியிருந்தால் அதுவே சரி. இல்லாவிட்டால் காலியான சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு அழுத்தமாக, எட்டுப் பத்து முறை குறையுங்கள். நடுவில் முழுசாக நிறுத்தக் கூடாது. நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டு நின்றால், சூடான பேட்டின் பொருள் டிஸ்கில் அந்த ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டீயரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை உங்கள் தலையில் கட்டுவார்கள். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள்.

சஸ்பென்ஷனில் 25, 30 மில்லிமீட்டர் இறக்கம் போதும். அதற்குக் கீழே போனால் அழகு கூடும், ஓட்டம் கெடும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக நிற்கும் முன் சஸ்பென்ஷன்) வண்டியை அதிகமாக இறக்கினால் கீழ்க்கையின், அதாவது சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கையின், வெளிமுனை மேல்நோக்கி ஏறிவிடும். ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். அதனால் வளைவில் வண்டி இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும், கூடவே சஸ்பென்ஷன் அதன் கடைசித் தடுப்பு ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். முட்டிய நொடியில் முன்பக்கம் இறுகி, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காமல் நேரே போகும். பழைய ஷாக் அப்சார்பரில் குட்டை ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால் ஷாக் சீக்கிரம் ஒழுகத் தொடங்கும். மெக்கானிக்குகள் பலரும் தவறவிடும் ஒரு விஷயம்: கீழ்க்கை புஷ்களின் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைகளின்) போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட்: சாலையில் ஓட்டுவதற்கு, முன்சக்கரங்களின் கேம்பர் (மேல்விளிம்பு உள்பக்கம் சாயும் கோணம்) மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். வளைவில் வண்டி இன்னும் மூக்கை வெளியே நீட்டினால் பின்பக்கம் கொஞ்சம் தடிமனான ஆன்டி ரோல் பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி). முன்சக்கர இழுவை வண்டியில் கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தரும் பாகம் வேறு இல்லை என்பேன். ஆனால் மழையில், வளைவின் நடுவே சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே வரும். காலியான இடத்தில் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது என்ஜின். ஸ்டேஜ் 1, அதாவது பாகம் மாற்றாமல் செய்யும் முதல் கட்ட ரீமேப், கேட்கும் முன் கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். ஃபோக்ஸ்வேகனின் உலர் கிளட்ச் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), அதாவது டிகியூ200, 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. 1.8 லிட்டர் போலோ ஜிடிஐயில் மேனுவலுக்கு 320 கொடுத்த கம்பெனி, டிஎஸ்ஜிக்கு 250 மட்டும் கொடுத்தது இதனால்தான். கம்பெனியே கை வைக்கத் தயங்கிய இடத்தில் டியூனர் (ரீமேப் செய்பவர்) 330 தருகிறேன் என்றால் கியர்பாக்ஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மேனுவலில் கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, மேல் கியரில் 2000 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் முள் தனியாக ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. டியூனரிடம் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை அடக்கி வைக்கச் சொல்லுங்கள். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி ஊசி டர்போ என்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய சுமை வரும்போதுதான் கலவை பொறிக்கு முன்பே தானாக எரிந்து பிஸ்டனை உடைக்கும்.

ஸ்பார்க் பிளக் புதிதாக, பெரும்பாலும் ஒரு படி குளிர்ந்த ரகமாக (சூட்டை வேகமாக வெளியே கடத்துவது), இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கூடுதல் பூஸ்ட்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தில்) அகலமான இடைவெளியில் பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும். ரீமேப் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டதோ அதற்குக் கீழே பெட்ரோல் போடக் கூடாது. ஆயில் மாற்றும் தூரத்தைப் பாதியாக்குங்கள். ஓட்டும்போது என்ஜின் சென்சார்கள் சொல்லும் அளவுகளின் பதிவை (லாக்) எடுத்துத் தரவில்லை என்றால் அந்த டியூனரிடம் போகவே வேண்டாம்: கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், சிலிண்டர்வாரியாக இக்னிஷன் பின்னிழுப்பு (என்ஜினைக் காக்கப் பொறியைத் தாமதமாக்கும் அளவு), உள்ளிழுக்கும் காற்றின் சூடு, பெட்ரோல் அழுத்தம். ஓட்டத்துக்கு ஓட்டம் காற்றின் சூடு ஏறிக்கொண்டே போனால் அடுத்த செலவு இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது). திறந்த ஏர் ஃபில்டர் அல்ல, அது பானெட்டுக்குள் இருக்கும் சூட்டையே இழுக்கும். 'புஸ்' சத்தத்துக்காகக் காற்றை வெளியே விடும் வால்வும் அப்படித்தான். ஏர்ஃப்ளோ சென்சார் கணக்கில் எடுத்துவிட்ட காற்றை வெளியே விட்டால் பெட்ரோல் கலவை கெடும்.

இன்சூரன்ஸுக்கு எல்லா மாற்றத்தையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கூட்டமாக டிரைவ் போவதற்கு ஒரு குழுவில் ஐந்தாறு வண்டி போதும். முன்னால் போக வேண்டியவர் வழி தெரிந்தவர், வேகமானவர் அல்ல. அவருக்கு அடுத்து அனுபவம் குறைந்தவர்கள், கடைசியில் டூல்ஸ் வைத்திருக்கும் நிதானமான கை. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினால் யாரும் தொலைய மாட்டார்கள், யாரும் விரட்டவும் வேண்டாம். இடைவெளி இரண்டு விநாடி, மழையில் நான்கு. வாக்கிடாக்கியில் "எதிரில் லாரி" என்று சொல்லலாம். "வழி காலி, வா" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். சொல்லி முடிப்பதற்குள் அது பழைய செய்தி. ஓவர்டேக் செய்பவர் தன் கண்ணால் பார்த்த பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

கிளம்புமுன் வீல் லாக் (திருட்டைத் தடுக்கும் போல்ட்) சாவி எங்கே என்று எல்லோரையும் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பஞ்சர் ஆன பிறகுதான் பலருக்கும் அது வீட்டில் இருப்பது நினைவுக்கு வரும். பெரிய பிரேக் போட்டவர்கள் ஸ்டெப்னி வீல் காலிப்பரைத் தாண்டி உட்காருகிறதா என்று முன்பே மாட்டிப் பாருங்கள். பக்கவாட்டு உயரம் குறைந்த டயரில், அந்தப் பக்கவாட்டில் வெட்டு விழுந்தால் பஞ்சர் கிட் உதவாது. இழுத்துச் செல்லும் கொக்கி பல கார்களில் இடப்பக்கம் சுற்றி இறுக்கும் மரை. அது தெரியாமல் வழக்கம்போல் வலப்பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஓட்டம் முடியும் கடைசி ஐந்து கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் டர்போவும் டிஸ்க்கும் ஆறும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். சரிவாக இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீல் போல்ட்டின் இறுக்கத்தைச் சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள். நடுவில் சூடான டயரில் காற்றைக் குறைத்தவர்கள், மறுநாள் காலை டயர் குளிர்ந்திருக்கும்போது கம்பெனி அளவுக்குத் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.