தையல் மூலைக்கு ஒரு கெட்டியான தேய்ப்புப் பலகை

ரவிக்கையின் தோள் தையலைத் தைத்த கையோடு விரித்துத் தேய்த்துவிட்டால்தான், அதன் மேல் வரும் கழுத்துப் பட்டி நெளியாமல் உட்காரும். கடைகளில் கிடைக்கும் மடக்கு மேசை இந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. கம்பி வலைத் தகட்டின் மேல் ஃபோம் போர்த்திய அந்த மேசையில் சட்டைச் சுருக்கத்தை எடுக்கலாம்; தையலை அழுத்தும்போது ஃபோம் அமுங்கிவிடுவதால், தையலோடு சேர்ந்து துணியும் உள்ளே போய்விடுகிறது. தவிரவும், தையல் இயந்திரமும் ஒரு நாற்காலியும் போட்டபின் மிஞ்சும் சன்னலோரத்தில் அதை விரிக்க இடமே இல்லை.

அதனால் சிறிய பலகை ஒன்றை நானே செய்துகொண்டேன். அதற்கு முன்மாதிரியாக இருந்தது தெருமுனை இஸ்திரி வண்டி. மரப்பலகை, அதன் மேல் மடித்த கம்பளி, அதற்கும் மேல் ஒரு பருத்தித் துணி. அடியில் அசையாத மரம் இருப்பதால்தான் அங்கே தேய்த்து வரும் மடிப்பு அவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பலகைக்கு, பிளைவுட் கடையில் மிஞ்சிய துண்டுகளிலிருந்து 18 மி.மீ. கனத்தில் 2 அடிக்கு 1½ அடி அளவில் வெட்டி வாங்கினேன். ரவிக்கையின் முதுகுப் பாகமும் முன்பாகமும் தனித்தனியே அதில் அடங்கும். நீராவி தொடர்ந்து இறங்கும் இடம் என்பதால், இந்தியத் தர முத்திரைகளில் சாதாரண ஐ.எஸ். 303 ரகத்தைவிட, ஈரத்தைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டே நல்லது. விளிம்புகளையும் மூலைகளையும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன்; கூரான விளிம்பின் மேல் இழுத்துக் கட்டும் துணி சீக்கிரமே அங்கே நைந்துவிடும்.

கம்பளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். கம்பளி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் திருகில் மூன்று புள்ளி என்பது சுமார் 200 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் செயற்கை இழை இளகிக் கட்டிதட்டிவிடும். எனவே வீட்டிலிருந்த பழைய போர்வையின் ஓரத்திலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகும் வாடை எழுந்தது. தீ தானாக அணைந்தது. மிஞ்சிய கரி விரலிடையே பொடியாக உதிர்ந்தது. அதுவே உண்மையான ஆட்டுக் கம்பளி. இன்னொரு போர்வையின் இழை உருகிச் சொட்டி, நசுக்க முடியாத கருமணியாக இறுகியது, அதை ஒதுக்கிவிட்டேன். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. நீராவியை அது வாங்கி வைத்துக்கொண்டு, கீழிருந்தும் துணிக்குச் சூடு கொடுக்கிறது. சிலர் இடையில் அலுமினியத் தாள் விரிப்பதுண்டு. அது ஈரத்தை உள்ளே இறங்கவிடாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

எத்தனை மடிப்பு என்பதை ஸ்டேப்ளர் பின் அடிப்பதற்கு முன்பே, போர்வையைப் பலகையில் சும்மா விரித்துச் சோதித்தேன். மூன்று மடிப்பில் பருத்தித் தையல் சற்றே புதைந்தது. ஒற்றை மடிப்பில் தையல் தட்டையாக விழுந்தாலும், பட்டுத் துண்டின் வெளிப்பக்கத்தில் தையலுக்கு விட்ட ஓரத்தின் தடம் பளபளப்பான கோடாகத் தெரிந்தது. இரண்டு மடிப்பில் இரண்டும் சரியாக வந்தன, அதையே வைத்துக்கொண்டேன்.

மேலுறைக்குச் சாயமில்லாத காடாத் துணி. வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி முழுதும் போகும்வரை அலசிக் காயவைத்தேன். இப்போதே சுருங்கிவிட்டால் பின்னால் பலகையின் மேல் சுருங்காது. கம்பளியைப் பலகையின் அளவுக்கே வெட்டி, காடாவை மட்டும் நாற்புறமும் இரண்டரை அங்குலம் கூடுதலாக விட்டு அடிப்பக்கம் மடித்தேன். ஸ்டேப்ளர் பின்களை முதலில் நான்கு பக்கத்து நடுவிலும், அங்கிருந்து மூலைகளை நோக்கியும் எதிரெதிரே மாற்றி மாற்றி அடித்ததால் இழையோட்டம் நேராக நின்றது. சூட்டில் இளகி வாடை கிளப்பும் என்பதால் பசை எங்கும் தடவவில்லை. அளவுக் கோடுகளும் போடவில்லை. பேனா மை சூட்டில் தைக்கும் துணிக்கு ஏறிவிடக்கூடும்.

இப்போது கழுத்துப் பட்டிக்குக் கேன்வாஸ் (பட்டி விறைப்பாக நிற்க உள்ளே சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டும்போது பெட்டியை இழுக்காமல், ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து நொடி ஊன்றி எடுக்கிறேன். மடக்கு மேசையில் ஓரங்களில் விட்டுப்போன கேன்வாஸ் இதில் முழுதாகப் பிடிக்கிறது. பருத்தித் தையலை நீராவியில் அழுத்தியவுடன் இழைத்த தேக்குக் கட்டை ஒன்றை அதன் மேல் ஆறும்வரை வைத்தால், தையல் இன்னும் படிகிறது. வேலை முடிந்ததும் பலகையைப் படுக்கவைக்காமல் சுவரில் சாய்த்து நிறுத்துகிறேன். கம்பளியின் ஈரம் அப்போதுதான் காயும்.

கைப் பாகத்தை உள்ளே நுழைத்துத் தேய்க்க இந்தப் பலகை உதவாது. மீந்த போர்வைத் துண்டைக் கொண்டு, நான்கு அங்குல அகலத்தில் நீளமான கைப் பலகை ஒன்றை அடுத்துச் செய்யவிருக்கிறேன். மரம் வெட்டி வந்துவிட்டது, விளிம்பு மழுக்கும் வேலை நடக்கிறது.