படிவத்தில் இல்லாத கட்டம்

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான எங்கள் கற்போர் மையத்தின் வருகைப் பதிவேட்டில் இருபது பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் பதினான்கு பெயர்களுக்கு நேரே, கடைசிப் பக்கத்தில், அவரவர் தம் கையால் இட்ட கையொப்பம் இருக்கிறது. மீதமுள்ள ஆறு பெயர்களுக்கு நேரே நான் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். இறுதித் தேர்வு எழுதிய பதினான்கு பேரும் தேர்ச்சி பெற்றார்கள். ஆகவே எங்கள் மையத்தின் தேர்ச்சி விழுக்காடு 100 என்று மேலே சென்றது. அந்த எண்ணில் பொய் இல்லை. தேர்வறையில் நானே இருந்தேன், ஒவ்வொருவரும் தாமே எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அந்த 100 என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிவப்புக் கோடுகள் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை என்பதே காரணம்.

வயது வந்தோர் கல்வியில் கணக்கெடுப்பும் அறிக்கையும் எப்படி நடக்கின்றன என்பதைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எல்லாருக்கும் எழுத்தறிவு என்ற அறிவொளி இயக்கம் தொடங்கியபோது பத்தொன்பது வயதுத் தொண்டராக வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனவள் நான். இப்போது, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஒன்றிய அரசின் வயது வந்தோர் கல்வித் திட்டமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் மீண்டும் தன்னார்வலராக இருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் தாளின் இடத்துக்குச் செயலி வந்துவிட்டது. ஆனால் கேட்கப்படும் கேள்விகள் அவ்வளவாக மாறவில்லை: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வெழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள்.

இந்தக் கணக்கின் அடித்தளமே ஆட்டம் கண்டது. எழுதப் படிக்கத் தெரியாதோர் எத்தனை பேர் என்பதற்கு நாம் நம்பியிருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது அதன் வரையறை. வரையறையில் குறை இல்லை. ஆனால் கணக்கெடுப்பவர் யாருக்கும் தேர்வு வைப்பதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதை எழுதிக்கொள்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மகன், உள்ளே அடுப்படியில் இருக்கும் தாயைப் பற்றி "படிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டால் அவர் எழுத்தறிவு பெற்றவர் ஆகிவிடுவார். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களுக்கு 73.44. கன்னியாகுமரி 91.75 என்றும் தருமபுரி 68.54 என்றும் மாவட்டங்களுக்கிடையே பெரிய இடைவெளி இருந்தது. 2021-இல் வந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்றும் அந்தப் பழைய எண்ணின் மேல்தான் இலக்குகள் நிர்ணயிக்கப்படுகின்றன.

இலக்கு வந்துவிட்டால் அது வாசற்படி வரை வந்து நிற்கும். ஒரு மையத்துக்கு இருபது பேர் வேண்டும் என்றால், இருபது பெயரை நிரப்பும் வரை தன்னார்வலருக்கு நிம்மதி இல்லை. அப்போது யாரிடம் முதலில் போவோம்? மூன்றாம் வகுப்பு வரை படித்து மறந்தவர், கையொப்பம் மட்டும் போடத் தெரிந்தவர், சுயஉதவிக் குழுவில் இருப்பதால் கூட்டத்துக்கு வந்து பழகியவர் ஆகியோரிடமே முதலில் போவோம். நானும் அப்படித்தான் போனேன். அது ஏமாற்று அன்று. ஆறு மாதத்தில் தேர்வுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பயம். ஆனால் அதன் விளைவு, ஒரு நாள்கூடப் பள்ளி வாசலை மிதிக்காத அறுபது வயது அம்மா பட்டியலின் வாலில்கூட இடம்பெறாமல் போனதுதான்.

வேறு நாடுகளில் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று தேடிப் படித்தபோது, இதே நோய்க்கு அமெரிக்காவில் ஒரு பெயரே இருப்பதைக் கண்டேன்: பாலில் ஆடையை மட்டும் எடுத்துக்கொள்வது. அங்கே 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த அரசு வேலைப் பயிற்சித் திட்டங்களில், வேலை கிடைத்தோர் எண்ணிக்கையை வைத்து நிலையங்களை மதிப்பிட்டபோது, எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடியவர்களையே நிலையங்கள் தேர்ந்தெடுத்துச் சேர்க்கின்றனவா என்ற கேள்வியைப் பொருளியல் ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். இப்போது அங்கு நடப்பில் இருக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், வேலைப் பயிற்சி, வயது வந்தோர் கல்வி இரண்டுக்கும் பொதுவாக ஆறு அளவுகோல்களை வைத்திருக்கிறது. பயிற்சியை விட்டுச் சென்ற ஒருவர் அதன்பின் இரண்டாம் காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காம் காலாண்டிலும் இருக்கிறாரா, இரண்டாம் காலாண்டில் வேலையில் இருப்போரின் இடைநிலை ஊதியம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) என்ன, சான்றிதழ் பெற்றாரா, படிக்கும் காலத்திலேயே அளந்து காட்டத்தக்க முன்னேற்றம் உண்டா, வேலை கொடுப்போருக்குத் திட்டம் எவ்வளவு பயன்பட்டது என்பன அவை. ஊதிய விவரங்களைப் பெரும்பாலும் பயிற்சி பெற்றவரிடம் கேட்பதில்லை. வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் மாநில அரசிடம் காலாண்டுதோறும் தாக்கல் செய்யும் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எளிதில் தேறாதவர்களைச் சேர்க்கும் நிலையம் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக, சேர்ந்தவர்களின் பின்னணியையும் அந்த வட்டாரத்தின் வேலை நிலவரத்தையும் கணக்கில் எடுத்து இலக்கைத் திருத்தும் புள்ளியியல் முறை ஒன்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த முறை நமக்கு அப்படியே பொருந்தாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்ணின் கூலி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் இரண்டு செய்திகள் என் மனத்தில் தங்கின. ஒன்று, படித்து முடித்துப் போனபின் ஓராண்டு வரை அவர்களைப் பின்தொடர்ந்து கேட்கிறார்கள். மற்றொன்று, யாரைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து இலக்கு மாறலாம் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்கள்.

நம்முடைய தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50. ஒவ்வொன்றிலும் 33 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. 2022 முதல் 2027 வரையிலான இத்திட்டத்துக்கு 1037.90 கோடி ரூபாய் ஒதுக்கி, 5 கோடிப் பேரை இலக்காக வைத்திருக்கிறார்கள். 2024-25-இல் தமிழ்நாட்டில் தேர்வெழுதிய ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, அந்தச் செய்தியை என் மையத்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன், கை தட்டினார்கள். அவர்களின் உழைப்பு அந்த எண்ணுக்குள் இருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. இருந்தாலும் வகுக்கும் எண் எது என்று கேட்காமல் எந்த விழுக்காட்டையும் படிக்கக் கூடாது. தேர்வுக்கு வந்தவர்களைக் கொண்டு வகுத்தால் எங்கள் மையம் 100. சேர்ந்தவர்களைக் கொண்டு வகுத்தால் 70. ஊரில் படிக்கத் தெரியாத எல்லாரையும் கொண்டு வகுத்தால் என்ன வரும் என்பதை யாரும் கேட்டதில்லை.

அந்த ஆறு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்கள். ஒருவருக்கு மகள் பிரசவம். ஒருவருடைய கணவர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீதி இருவரும் எந்தக் காரணமும் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். நிலவரத்தைக் கேட்டு வட்டாரத்திலிருந்து அழைப்பு வந்தபோது "ஆர்வம் குறைவு" என்று எழுதும்படி சொன்னார்கள், எழுதினேன். பிறகு மனம் கேட்காமல் அந்த இருவரில் ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "எனக்கு மட்டும் ஆசை இல்லையா டீச்சர்? பொழுது சாஞ்சா எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா தெரியுது. எல்லாரும் படிக்கிறப்ப நான் மட்டும் முழிக்கிறது வெக்கமா இருக்கு."

நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது யாருக்கும் வரும். கண்ணாடி போடாத ஒரு பெண்ணுக்கு, நாற்பது வாட் விளக்கின் கீழ், பள்ளி வராந்தாவில், கைக்கடக்கமான புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய கண்ணாடி ஒன்றை என் வீட்டிலிருந்து கொண்டுபோய் அவருக்குப் போட்டுவிட்டேன். அவர் புத்தகத்தை மெதுவாக முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, "அ" என்ற எழுத்தின் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். வயது, சாதி, ஆதார், கைப்பேசி எண் என்று எத்தனையோ கேட்கும் நாம், "கிட்டத்து எழுத்து தெரிகிறதா" என்று ஒரு கட்டம் வைத்திருந்தால், சேர்த்த முதல் வாரமே ஊருக்கு வரும் கண் முகாமுக்கு இவரை அனுப்பியிருக்கலாம். "ஆர்வம் குறைவு" என்று நான் எழுதியது தவறான தகவல். அதைத் திருத்த வழி கேட்டேன். பதிவு முடிந்துவிட்டது என்றார்கள்.

கைப்பேசி எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் இருபது பேரில் சொந்தமாகக் கைப்பேசி வைத்திருப்பவர் ஆறு பேர். மற்றவர்களுக்கு மகன் எண், மருமகள் எண், மூன்று பேருக்கு என் எண்ணையே கொடுத்தேன். ஓராண்டு கழித்து யாராவது அந்த எண்ணில் அழைத்தால் மகன் எடுத்து, "அம்மா வேலைக்குப் போயிருக்கு" என்பான்.

அறிவொளிக் காலத்தில் அளவுகோல் இன்னும் கடினமாக இருந்தது என்பதை இங்கே நினைவுகூர்கிறேன். 1988-இல் தொடங்கப்பட்ட, அறிவொளிக்கு அடித்தளமாக இருந்த தேசிய எழுத்தறிவு இயக்கம், நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டுப் படிப்பது, 7 சொற்களைப் பார்த்து எழுதுவது, சொல்லக் கேட்டு 5 சொற்களை எழுதுவது என்று வகுத்திருந்தது. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அதைச் சோதித்தோம். ஆனால் எங்கள் மாவட்டத்தில் அந்த இயக்கம் விட்டுச்சென்ற பெரிய மாற்றம் அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்ணும் தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் வைத்து மிதித்துப் போனார். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் சந்தைக்குப் போக யாருடைய துணையையும் எதிர்பாராத ஒரு தலைமுறையை அது உண்டாக்கியது என்பதை, அந்தச் சாலைகளில் நடந்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

சென்ற மாதம், தேர்வு முடிந்து ஓராண்டு ஆனதும், தேறிய பதினான்கு பேரையும் அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். கேள்வித்தாள் கொண்டுபோகவில்லை. வீட்டில் கிடந்த ஏதாவது ஒன்றைப் படித்துக் காட்டச் சொன்னேன்: மாத்திரை அட்டை, குழுவின் கடன் புத்தகம், பேரனின் பள்ளிச் சீட்டு, மின்கட்டணக் குறுஞ்செய்தி. ஐந்து பேர் தங்குதடையின்றிப் படித்தார்கள். ஆறு பேர் எழுத்துக் கூட்டி, நின்று நின்று, ஆனால் பொருள் பிடிபடும்படி படித்தார்கள். மூவருக்குத் தம் பெயரைத் தவிர எல்லாம் மறந்திருந்தது. அந்த மூவர் வீட்டிலும் ஒன்றைக் கவனித்தேன்: படிப்பதற்கென்று எந்த அச்சுத் தாளும் கண்ணில் படவில்லை. நன்றாகப் படித்த ஐவரில் நான்கு பேர் சுயஉதவிக் குழுவின் கணக்கைத் தாமே எழுதுகிறவர்கள். பதினான்கு பேரை வைத்துப் பொது முடிவுக்கு வர முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மையத்திலும் இப்படி ஒரு முறை, ஓராண்டு கழித்து, போய்ப் பார்த்து எழுதினால், எந்தச் சூழலில் எழுத்து நிலைக்கிறது, எதில் அழிகிறது என்பது மாநிலம் முழுவதற்கும் தெரியவரும். அதற்கு ஒரு மாலை நேரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். தன்னார்வலருக்கு அந்தப் பணிக்கென ஒரு சிறு தொகையும், எழுதியதைப் பெற்றுக்கொள்ள மேலே ஓர் ஆளும் வேண்டும்.

என் நோட்டில் இப்போது ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறேன்: கண் தெரிகிறதா, நின்றிருந்தால் ஏன், ஓராண்டுக்குப் பின் எதைப் படித்தார், வீட்டில் படிக்க என்ன இருக்கிறது. மறந்துபோன மூவரும் புதன், வெள்ளி மாலைகளில் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்பே தேறியவர்கள் என்பதால் அவர்களின் பெயரைப் புதிதாகச் சேர்க்க முடியாது. கண்ணாடி போட்ட அம்மாவும் வருகிறார். அவருடைய பெயருக்கு நேரே இருந்த சிவப்புக் கோட்டின் பக்கத்தில், நீல மையால் தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.