முதலில் கன்ட்ரோலைப் பார்

2025 மார்ச் 3, திங்கள்
கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு நிறமேற்றிப் பார்க்க வேண்டும். அதற்காக மெழுகில் பதித்த சுண்டெலிக் கணையத்தை 5 மைக்ரான் தடிமனில் வெட்டும் வேலை. மைக்ரோடோமில் (மெல்லிய சீவல்கள் வெட்டும் கருவி) சீவல்களின் ரிப்பன் சுருண்டுகொண்டே இருந்தது. மெழுகுக் கட்டியை ஐஸ் மேல் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. பத்து ஸ்லைடு தேறியது.

மார்ச் 4, செவ்வாய்
மெழுகு நீக்கி, இன்சுலின் ஆன்டிபாடி (இன்சுலினைத் தேடி ஒட்டும் புரதம்) விட்டு, 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்தாயிற்று. ஆன்டிபாடி கினிப்பன்றியில் உண்டாக்கியது. "ஏன் கினிப்பன்றி?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். நல்ல கேள்வி. பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். கினிப்பன்றியின் இன்சுலின் மட்டும் வெகுதூரம் விலகிப் போய்விட்டது. அதனால் மாட்டு இன்சுலினையோ பன்றி இன்சுலினையோ ஊசி போட்டால் அதன் உடம்பு அந்நியன் என்று பலமாக எதிர்க்கிறது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் இன்சுலினை அளந்து காட்டியது கினிப்பன்றிச் சீரத்தை வைத்துத்தான். யாலோவுக்கு 1977இல் நோபல் கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்து வருடம் முன்பே போய்விட்டார்.

மார்ச் 5, புதன்
ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைப் பெராக்சிடேஸ் என்ற நொதியின் உதவியால் பழுப்பாக்கிக் காட்டும் நிறமி டிஏபி. அதை விட்டதும் எங்கும் பழுப்பு. இரண்டு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். ஆய்வகத்தின் மூத்த அக்கா எட்டிப் பார்த்து, "இன்சுலின் ஆன்டிபாடி போடாத கன்ட்ரோல் ஸ்லைடு எங்கே? அதை வை" என்றார். வைத்தேன். அதிலும் ரத்தக்குழாய்களுக்குள் பழுப்பு! அங்கே இன்சுலினுக்கு என்ன வேலை? திசுவில் ஏற்கெனவே இருக்கும் இந்த வேலையை அடக்க முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வைக்கும் படியையே விட்டிருக்கிறேன். சிவப்பணுவின் ஹீமோகுளோபினும் பெராக்சிடேஸ் மாதிரி வேலை செய்து டிஏபியைப் பழுப்பாக்கிவிடும். இன்சுலின் செல்கள் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வேறு அடர்த்தி. அக்கா கேட்காவிட்டால் அந்த ரத்தத்தையும் இன்சுலின் கணக்கில் சேர்த்திருப்பேன்.

மார்ச் 7, வெள்ளி
நேற்றே மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை 3% பெராக்சைடு, பத்து நிமிடம். இன்று கன்ட்ரோலில், செல் உட்கருவுக்கு நிறமேற்றும் ஹெமடாக்சிலினின் நீலம் மட்டும். மற்றதில் திட்டின் நடுவில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் பழுப்பாக நிரம்பி நிற்க, ஓரத்தில் நிறமேறாத வளையம். அது குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும் ஆல்ஃபா செல்களின் இடம். எலியில்தான் இவ்வளவு ஒழுங்கு; மனிதத் திட்டில் எல்லாம் கலந்து கிடக்கும்.

பக்கத்து அறை நண்பன் தன் ஸ்டெம் செல்களுக்கும் இதே ஆன்டிபாடியைக் கேட்டான். அவன் வளர்ப்பு ஊடகத்திலேயே இன்சுலின் கலந்திருக்கிறது. செல்கள் அதை உறிஞ்சிக்கொண்டு, தாமே சுரந்ததுபோல நிறமேறும் என்று 2003இலேயே காட்டியிருக்கிறார்கள். சி-பெப்டைடுக்குப் பார்க்கச் சொன்னேன். இன்சுலின் செல்லுக்குள் உருவாகும்போது உடன் வெட்டுப்படும் துண்டு அது, ஊடகத்தில் இருக்காது. ஃப்ரீசர் முழுக்கத் தேடினோம். அந்த ஆன்டிபாடி இல்லை. திங்கட்கிழமை ஆர்டர் போட வேண்டும்.