வாளையார் வெயிலில் ஒரு கைப்பட்டை

மன அழுத்தத்தை அளக்கும் தோல் சென்சார் என்கிறோம். உண்மையில் அது அளப்பது வியர்வையை. பதற்றம் வந்தால் பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும், தோல் மின்சாரத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கடத்தும். வெயிலுக்கும் அதே சுரப்பிதான், அதே நரம்புதான். பாலக்காட்டுக் கணவாயில், கேரள-தமிழ்நாடு எல்லையோரத்து வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில், இந்தச் சென்சாரை ஆட்களுக்குக் கட்டி அளக்கும் வேலையின் பாதித் தலைவலி இதுவே. ஏப்ரல் மத்தியானத்தில் கட்டிப் பார்த்தால் லோடு இறக்குபவர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாரும் பதற்றக்காரர்களாகத்தான் தெரிவார்கள்.

சர்க்யூட் பெரிய வித்தை இல்லை. தோலைத் தொடும் இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே 0.5 வோல்ட் மாறாமல் கொடுத்து, ஓடும் கரன்ட்டை ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கிச் சிப் வழியாக அளந்தால் போதும். விரலிலோ உள்ளங்கையிலோ பெரும்பாலோருக்கு 2 முதல் 20 மைக்ரோசீமென்ஸ் (மின்சாரத்தைக் கடத்தும் திறனின் அலகு) வரும். ஆளுக்குக் கட்டுவதற்கு முன் 1 மெகாஓம், 100 கிலோஓம் ரெசிஸ்டர்களை மாட்டிப் பாருங்கள். முறையே 1, 10 என்று காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கோளாறு போர்டில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டன் மலிவுதான், ஆனால் ஒரே திசையில் கரன்ட் ஓட ஓட அதன் பரப்பில் மின்னேற்றம் தேங்கி அளவு நகர்ந்துகொண்டே போகும். வெள்ளி, வெள்ளி குளோரைடு எலெக்ட்ரோடுக்கு அந்தத் தொல்லை குறைவு. மீதம் இருக்கிறதே என்று இசிஜி ஜெல்லைத் தடவ வேண்டாம். அதிலுள்ள கூடுதல் உப்பே அளவை ஏற்றிவிடும். வியர்வையை ஒட்டிய, 0.5 சதவீத உப்புள்ள பசைதான் சரி.

பிறகு தோல். குளித்ததும் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் ஊர் இது. ஒட்டுப்பட்டை அரை மணியில் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் தோல் வறண்டு வேறு சிக்கல். முந்தைய நாளே, "அந்த ஒரு கைக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம்ணே" என்று சொல்லி வைப்பது உத்தமம். மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு எலெக்ட்ரோடுக்கு அடியில் சிக்கினால், கை திரும்பும்போதெல்லாம் கோடு விழுந்து எழும். கயிற்றை அவிழ்க்கச் சொல்லாதீர்கள், சென்சாரை மறு கையில் கட்டுங்கள். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்றில், பசையில்லா எலெக்ட்ரோடு படிய 15 நிமிடமாவது ஆகும். அதற்கு முந்தைய பதிவைத் தள்ளிவிடலாம்.

மணிக்கட்டில் சுரப்பிகள் குறைவு; மனசுக்கு நன்றாகப் பதில் சொல்வது உள்ளங்கையும் உள்ளங்காலும்தான். ஸ்டியரிங் பிடிப்பவர் உள்ளங்கையில் என்னத்தை ஒட்டுவது?

நிஜமான அலை, தூண்டுதலுக்கு 1 முதல் 3 நொடி கழித்து எழும்பி, மெதுவாக இறங்கும். செங்குத்தாக ஏறி அப்படியே விழுந்தால் அது பட்டை அசைந்த கோடு. கூடவே ஓடும், அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெயிலைப் பிரிக்க விரலில் ஒரு வெப்பநிலை சென்சார் உதவும். பயந்தால் கை சில்லிட்டுப்போகும் என்பது வெறும் பேச்சில்லை: பதற்றத்தில் விரலின் ரத்தக்குழாய் சுருங்கும், வெயிலில் விரியும். வியர்வை ஏற, விரல் குளிர்ந்தால் மனசு. இரண்டும் ஏறினால் வெயில். ஆனால் வெளிக்காற்றே 40 டிகிரியாக இருக்கும்போது விரல் எங்கே சில்லிடும்? அந்த நேரத்துப் பதிவை விட்டுவிடுவதே நேர்மை. கார்ட்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோனை அளக்கும் பட்டை இதற்கு மாற்று என்பார்கள். அந்த ஹார்மோன் உச்சத்துக்கு வரவே 20, 30 நிமிடம் ஆகும். அதோடு காலையில் தானாகவே ஏறும். நைட் ஷிப்ட்காரருக்கு அந்தக் கணக்கும் குழம்பும்.

கடைசியில் ஒத்துப் பார்க்க ஆளிடம் கேட்கத்தானே வேண்டும். "அழுத்தம் இருக்கா?" என்றால் "பிரஷர் மாத்திரை போடுறேன் சார்" என்று பதில் வரும். "டென்ஷனா இருந்துச்சா, மனசு பாரமா இருந்துச்சா?" என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேண்டுமென்றே பதற்றத்தைக் கிளப்ப, 1022லிருந்து 13 13ஆகக் கழிக்கச் சொல்லும் சோதனையையும் அவர் பள்ளியில் வாய்ப்பாடு படித்த மொழியிலேயே வையுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தவரிடம் மலையாளத்தில் கேட்டால், கணக்குக்கு எவ்வளவு வியர்த்தது, மொழிக்கு எவ்வளவு வியர்த்தது என்று எந்தச் சென்சாரும் பிரித்துக் காட்டாது.