பிசிடியில் காற்று நிற்காமல் ஏறினால்

பிசிடி என்பது ஸ்கூபா டைவர்கள் அணியும் காற்றுப் பை உள்ள உடுப்பு; காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தலாம். அதில் காற்று தானாக ஏறிக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய பாகம், இன்ஃப்ளேட்டரில் (கையில் பிடிக்கும் குழாய்முனை) காற்று ஏற்றும் பட்டன். அழுத்தினால் உள்ளே ஒரு சிறு வால்வு திறக்கும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதை மூட வேண்டும். உப்பு படிந்தாலோ, மணல் புகுந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ மூடாது. சிலிண்டர் காற்றைக் கொண்டுவரும் ஹோஸில் சுமார் 9 முதல் 10 பார் அழுத்தம் இருப்பதால் பை மளமளவென்று உப்பும்.

ஆழம் குறையக் குறைய ஆபத்து கூடும். 30 மீட்டரில் பையில் இருக்கும் காற்று 20 மீட்டருக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்குதான் பெருகும். 10 மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வந்தால் இரண்டு மடங்கு.

இரண்டு கைக்கும் வேலை உண்டு. இடது கையால் இன்ஃப்ளேட்டரைத் தலைக்கு மேல் தூக்கி, காற்றை வெளியேற்றும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். வலது கையால் ஹோஸ் இணைப்பின் வளையத்தைப் பின்னால் இழுத்துக் கழற்றுங்கள். வெளியேற்றும் பட்டன் மட்டும் போதும் என்று நினைப்பது, குழாயை மூடாமல் தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டுகிற வேலை. பதற்றத்தில் ஏற்றும் பட்டனையே மறுபடி அழுத்திவிடுவதும் நடக்கும். சிலிண்டர் வால்வில் கை வைக்காதீர்கள். நீங்கள் மூச்சுவிடும் காற்றும் அதே வழியில்தான் வருகிறது.

இணைப்பு இறுகிக் கழலவில்லையா? காற்று எப்போதும் பையின் உயரமான மூலைக்குத்தான் போகும். தலை மேலே இருந்தால் தோள்பட்டையில் காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வின் கயிற்றை இழுங்கள். தலைகீழாக இருந்தால் இன்ஃப்ளேட்டரை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை, இடுப்புப் பக்கத்து வால்வுதான் உதவும். இவ்வளவுக்கும் நடுவில் மூச்சை அடக்கவே கூடாது. நுரையீரல் நிறைய காற்றோடு இரண்டு மீட்டர் ஏறினாலே கிழிந்துவிடலாம்.

ஹோஸ் கழன்ற பிறகும் பிசிடி வேலை செய்யும், வாயால் ஊத வேண்டும், அவ்வளவுதான். வெளியேற்றும் பட்டனை அழுத்தியபடி ஊதி, வாயை எடுக்கும் முன் பட்டனை விட்டுவிடுங்கள். டைவை அத்தோடு முடித்து, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள்.

பை கிழிந்து காற்று நிற்காமல் போவது இதற்கு நேரெதிர். ஓட்டை இருக்கும் பக்கத்தைத் தாழ்த்திச் சாய்ந்தால் மறுபக்கத்தில் கொஞ்சம் காற்று தங்கும். காலில் மாட்டிய துடுப்பை உதைத்தே ஏறப் பாருங்கள். உடம்பில் கட்டிய ஈய எடை முழுவதையும் ஆழத்தில் கழற்றிப் போட்டால் மறுபடி கட்டுக்கடங்காத ஏற்றம்தான்; மேலே வந்ததும் தயங்காமல் கழற்றலாம்.

இறங்குவதற்கு முன் பட்டனைப் பலமுறை அழுத்திவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். "உஸ்" சத்தம் தொடர்ந்தால் அந்த பிசிடி வேண்டாம். கரைக்கு வந்ததும் பைக்குள்ளும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டி, காற்று நிரப்பி இரவு முழுக்க வையுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.