கடன் வாங்குவது ஒருவர், கட்டுவது கிளப்
இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் தோற்றால் எல்லோரும் பயிற்சியாளரைத் திட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது 2005 கணக்கின் மேல்தான். அந்த ஆண்டு அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றினார்கள். அன்று முதல் ரசிகர்கள் தரும் டிக்கெட் காசு வட்டிக்கும் போகிறது. 2024 மே மாதம் பெய்த மழையில் கிளப்பின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டின் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. பார்க்கவே வயிறு எரிந்தது.

அது பணக்காரக் கிளப், எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் சிறிய கிளப்பான பரியை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. 1885இல் தொடங்கியது, அந்நாட்டின் கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. 2018 டிசம்பரில் அது ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அடுத்த சில மாதங்களில் வீரர்களுக்குச் சம்பளம் பாக்கி. அந்த நிலையிலும் ஆடி மேல் பிரிவுக்கு முன்னேறினார்கள்! ஆனால் கடனை அடைக்கப் பணம் இருக்கிறது என்று உரிமையாளரால் காட்ட முடியவில்லை. 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே வெளியேற்றினார்கள். ஆடியவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

ஜெர்மனியில் 50+1 விதி இருக்கிறது. ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும், விதிவிலக்குகள் மிகக் குறைவு. இங்கிலாந்தில் 2025இல்தான் தனி ஒழுங்குமுறை அமைப்புக்குச் சட்டம் வந்தது. சரி, இப்போதாவது வந்ததே. வாங்க வருகிறவரிடம் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். கிளப்பை அடகு வைத்துக் கிளப்பையே வாங்குவதை அடியோடு தடை செய்யுங்கள்.